மாமாவுக்குக் கல்லுதான்!

போன செவ்வாய்க்கிழமை, கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை. டீயை வாங்கி ஒரு வாய்தான் குடித்திருப்பேன். உரக்கடை வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர். யார் வீட்டில் சீக்கு என்றாலும் முதல் ஆளாக விசாரிப்பார். அதுதான் பிரச்சினையே...

"ஏனுங்க, உங்க மச்சானுக்கு மறுக்காவும் கல்லுங்களாமா? கோயமுத்தூர்ல சேத்திருக்கறதாச் சொன்னாங்க?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கல்லுக்கெல்லாம் போயி ஆசுபத்திரியில படுப்பாங்களா? வாழத்தண்டுச் சாறு ஒரு வாரம் குடிச்சாப் போதுமுங்க, கரைஞ்சு ஓடிப் போயிரும். நம்ம தோட்டத்துல நெம்பக் கெடக்குது. வெட்டிக் குடுத்துடட்டுங்களா?"

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனாலும் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் மாமாவின் மூத்திரப்பையை மொத்தமாக எடுத்துவிட்டு, வயிற்றோரமாக ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டி வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இனி ஆயுசு உள்ளவரை மூத்திரம் அதில்தான் இறங்கும். வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்து அவர் எதைக் கரைக்க வேண்டும்?

கல்லே இல்லைங்க. எப்போதுமே இருந்ததில்லை!

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். ஆறுச்சாமி என்று பெயர். எருத்தேம்பதி பக்கம் தென்னந்தோப்பு, கொஞ்சம் வயல், சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டிய வீடு. ஒரே மகள் நித்யா, பெங்களூரில் வேலை. மாமா அதிகம் பேசமாட்டார். பேசாத நேரத்தில் சிகரெட் பிடிப்பார். நாள் பூராவும் பேசாத நேரம்தான்.

முந்தின வருஷத்துக்கு முந்தின கோடையில் அவருக்கு ஒண்ணுக்கு ரத்தமாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கோடை உங்களுக்குத் தெரியும்... கணவாய்க்குள் நுழைகிற காற்றே அடுப்பிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். அதனால் எங்கள் ஊரில் தலைவலி முதல் தலைமுடி கொட்டுவது வரை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். சூடு. மாமாவும் சூடு என்றே முடிவு கட்டினார். தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு, இரண்டு இளநீரை வெட்டிக் குடித்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் ரத்தம் நின்றுவிட்டது.

இந்த நோயின் குணமே அதுதான் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். வரும். தானாகவே நிற்கும். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வரும். ஆனால் நின்றதற்குப் பேர் வாங்கியது யார்? விளக்கெண்ணெய்! ஒவ்வொரு தடவையும் வைத்தார், ஒவ்வொரு தடவையும் நின்றது. கடைசியில் அக்காதான் பாத்ரூமில் பார்த்துப் பயந்துபோய் எனக்கு போன் பண்ணினாள். இழுத்துக்கொண்டு போனோம்.

மூத்திரப்பையின் உள்சுவரில் கட்டி. கேன்சர். நல்லவேளையாக மேலாப்பில்தான் இருந்தது, சதைக்குள் இறங்கவில்லை.

டாக்டர் ஒற்றப்பாலத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து, மெதுவாக, நமக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். "பேடிக்கண்டா" என்றுதான் ஆரம்பித்தார். பயப்பட வேண்டாம். வயிற்றைக் கிழிப்பது கிடையாது. மூத்திரம் வருகிற வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே லேசரால் கட்டியை எடுத்துவிடலாம். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம்.

அக்கா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"தழும்பு எதாச்சும் தெரியுங்களா டாக்டர்?"

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "ஒரு பொட்டு கூட இருக்காது சேச்சி. வெளியில ஒண்ணுமே தெரியாது."

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. புருஷனுக்கு வலிக்காதே என்று மகிழ்கிறாள் என டாக்டர் நினைத்திருப்பார். நான் அவளோடு பிறந்தவன். அந்த வெளிச்சம் எதற்கு என்று எனக்குத் தெரியும். நித்யாவின் ஜாதகம் அந்த மாதம்தான் வெளியே போயிருந்தது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் அழுத்திச் சொன்னார். "இது திரும்பத் திரும்ப வர்ற வகை. எடுத்தாச்சு, தீர்ந்தாச்சுன்னு இருக்கப்பிடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை உள்ளே கேமரா விட்டுப் பார்க்கணும். வந்தா, சின்னதிலயே எடுத்துக் களையலாம். விட்டாத்தான் கஷ்டம்."

எல்லோரும் தலையாட்டினோம்.

நடந்தது பூராவும் அப்படியே டாக்டர் சொன்ன மாதிரிதான். மாமா நடந்து போனார், நடந்து வந்தார். நான் சிறுவயதில் பார்த்த ஆபரேஷன்கள் எல்லாம் ஆளைப் பாதியாக்கி அனுப்பும். இவர் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து சிகரெட் கேட்டார். உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. இந்த வைத்தியத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. செய்யாதது நாங்கள்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும், உறவுக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று அக்கா பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, ஒறம்பரைக கேட்டா கல்லுன்னு சொல்லிப் போடலாமுங்க."

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே "செரி" என்றார். அவ்வளவுதான். வேறு விவாதமே கிடையாது.

நான்தான் குதித்தேன். "எதுக்குக்கா பொய்? நாளைக்கு அடிக்கடி ஆசுபத்திரி போகணும். அப்ப என்ன சொல்லுவே?"

"கல்லுக்கும்தான் அடிக்கடி போறாங்க" என்றாள். "ஏந்தம்பி, கேன்சர்னு சொன்னா எம்புள்ளைய எவன் கட்டுவான்? அந்தக் குடும்பத்துல இருக்குதாமா, நாளைக்குப் புள்ளைக்கும் வருமாமான்னு ஒரு வாயி சொன்னாப் போதும். நீ பத்திரிகையில எழுதறவன். மொதல்ல உன்ர வாயத்தான் கட்டோணும்."

ஏன் கல்? அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கல் வராத வீடு கிடையாது. போர்த்தண்ணியைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அந்த லட்சணத்தில் தண்ணீர். வெயிலில் நின்று தோட்டம் பார்க்கிறவனுக்கு வருகிற நோய் கல். கௌரவமான நோய். மாப்பிள்ளை வீட்டில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். கேன்சரைச் சொல்லிக்கொள்ள முடியுமா? அதுவும் அந்த இடத்தில்!

ஆக, ஊருக்கு மாமாவுக்குக் கல். பெங்களூரில் இருந்த நித்யாவுக்கும் கல்தான். "அப்பா, கல்லு கரைஞ்சுதாப்பா?" என்று போனில் கேட்பாள். "கரைஞ்சுருச்சு கண்ணு" என்பார் மாமா.

உடனே ஆரம்பித்தது வரத்து. எங்கள் ஊரில் சீக்குப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆரஞ்சு ஒரு கை, வைத்தியம் ஒரு கை. ஒருவர் நெருஞ்சி முள்ளைக் கட்டோடு கொண்டுவந்தார். இன்னொருவர் பூளைப்பூ. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அதே பூளைப்பூதான். அதைக் கஷாயம் வைத்துக் குடித்தால் கல் பொடிப்பொடியாகப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அக்கா எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள். வாங்காவிட்டால் சந்தேகம் வருமே! வாங்கியதைச் சும்மா விடுவாளா? காய்ச்சி மாமாவுக்குக் கொடுக்கவும் செய்தாள்.

பக்கத்துத் தோட்டத்து ராசு கவுண்டர் வந்தார். அவருக்குப் பித்தப்பையை எடுத்து வெகுகாலம் ஆகிறது. பழைய ஆபரேஷன். விலாவுக்குக் கீழே சாய்வாக நீளத் தழும்பு. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தி தாமதமானால் சட்டையைத் தூக்கி அதைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"எங்கீங்க அறுத்தாங்க? காட்டுங்க பாக்கலாம்."

"அறுக்கவே இல்லீங்க" என்றார் மாமா.

"அறுக்காம எப்படிங்க எடுப்பாங்க?"

"கீழ வழியா குழாய் உட்டு எடுத்துட்டாங்க."

ராசு கவுண்டருக்கு மனசு விட்டுப்போயிற்று. "அப்பச் சின்னக் கல்லுதானுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊர் முழுக்க 'ஆறுச்சாமிக்குச் சின்னக் கல்லு' என்று ஆனது. வீட்டில் பத்தியம் இல்லை, ஓய்வு இல்லை. ஆபரேஷன் ஆனவர் என்று யாரும் ஒரு நாற்காலியை நகர்த்திப் போடவில்லை. அடுத்த வாரமே தோப்பில் தேங்காய் வெட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். இதே வயிற்றைக் கிழித்து, தையல் போட்டு, மாசக்கணக்கில் கட்டிலில் கிடத்தியிருந்தால் இந்தப் பொய் ஒரு வாரம் தாங்கியிருக்குமா? தையலே உண்மையைச் சொல்லியிருக்கும். நோயாளிக்கு வலிக்கக்கூடாது என்று எவனோ மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த வைத்தியம். நாங்கள் அதை மறைப்பதற்குத் தோதாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் சில வாரங்கள் மூத்திரப்பைக்குள் மருந்து ஊற்றினார்கள். திரும்ப வராமல் இருக்க. எரிகிறது என்று முனகினாலும் மாமா அதற்கெல்லாம் ஒழுங்காகப் போனார். முதல் மூன்று மாதச் சோதனைக்கும் போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே வெயிட்டிங் ஹாலில் ஒருவர் சிக்கினார். ஏலப்பாறைக்காரர், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். செக்கப்புக்கு வரும்போது மட்டும் கோவையில் இருக்கும் மகன் வீட்டில் தங்குவார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற குரல்.

"எனக்கு மூத்திரப்பையில கேன்சர் சார். லேசர் வச்சு எடுத்தாச்சு. இது மூணாவது செக்கப்பு. அண்ணாச்சிக்கு என்ன?"

மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கல்லுங்க" என்றார்.

தலைக்கு மேலே 'புற்றுநோய்ப் பிரிவு' என்று மூன்று மொழியில் போர்டு. அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கல்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கல்லுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த டாக்டரு?" என்றார் அவர் அப்பாவியாக. மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

நான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"லயத்து வரிசை வீட்டுல இருந்துக்கிட்டு எதை சார் ஒளிக்க முடியும்? ஒரே சுவரு. நான் இருமுனா அந்தாண்ட வீட்டுல 'என்னவே, சளியா?'ம்பாங்க. மொதல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு. இப்பப் பாருங்க, செக்கப்புத் தேதி எனக்கு மறந்தாலும் அவங்களுக்கு மறக்காது. 'இன்னும் கெளம்பலியா நீரு?'ன்னு ஏசிக்கிட்டே ஜீப்புல ஏத்தி விட்டுருவாங்க. தொல்லை சார், பெருந்தொல்லை."

அலுத்துக்கொண்டுதான் சொன்னார். நான் மாமாவின் காம்பவுண்டுச் சுவரை நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மாமாவின் உள்ளே சுத்தமாக இருந்தது. டாக்டர் கை கொடுத்தார். அடுத்ததற்குக் கண்டிப்பாக வரணும் என்றார்.

அடுத்தது வரவே இல்லை.

நியாயமான காரணம்தான் முதலில். ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்குத் திறந்த வாரம். கடைமடைக்காரனுக்கு முறைத்தண்ணி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் முறை வரும்போது நீங்கள் மடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும், அப்புறம் அடுத்த முறை வரை மரம் காயும். "தண்ணி கட்டிப்போட்டுப் போலாம் மாப்ள" என்றார். தண்ணீர் கட்டி முடித்தார். போகவில்லை.

அதற்கடுத்த தேதிக்கு மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். ஆனைமலைப் பக்கம், நல்ல குடும்பம். அப்புறம் நிச்சயதார்த்தம். அப்புறம் முகூர்த்தக்கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருந்தது. டாக்டர் கொடுத்த தேதிக்குத்தான் ஆள் இல்லை. நான் போன் பண்ணிக்கொண்டே இருந்தேன். அக்கா, "கல்யாணம் முடியட்டும் தம்பி" என்பாள். கொஞ்ச நாளில் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

நேரில் போனேன். தோப்பில் மாமா மட்டும் இருந்தார். ஒரு ஈ, காக்கை கிடையாது.

"மாமா, செக்கப்புக்கு என்னங்க ஆச்சு?"

"அதுதான் போயிருச்சே மாப்ள. இனி என்னத்துக்குப் போயிக் கண்ட எடத்துலயும் குழாய உட்டுக்கறது?"

"போனதா இல்லையான்னு பாக்கறதுக்குத்தானுங்க போகச் சொன்னாங்க. உங்களுக்கு வந்தது கல்லு இல்லீங்க மாமா..."

"மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு" என்று சுற்றிலும் பார்த்தார். தென்னை மரங்களைத் தவிர அங்கே யாருமில்லை.

அப்போதுகூட நான் அவர் நடிக்கிறார் என்றே நினைத்தேன். அடுத்த மாதம் ஒரு காதுகுத்தில் பார்த்தபோதுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது. கூட உட்கார்ந்திருந்த ஒரு உறவுக்காரர், தனக்குக் கல் இருப்பதாகச் சொல்லி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா அவர் பக்கம் சாய்ந்து அக்கறையாகச் சொல்கிறார்:

"பூளைப்பூக் கஷாயம் குடிங்க. எனக்கு அதுலதானுங்க கரைஞ்சுது."

அவர் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் கண் எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாக நம்பினார்! ஊருக்காகச் சொன்னது, மகளுக்காகச் சொன்னது, சொல்லிச் சொல்லி அவருக்கே உண்மையாகிவிட்டது. எதிர்த்துச் சொல்ல உடம்பிலும் ஓர் அடையாளம் இல்லை. சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்றால் பழைய ஆறுச்சாமிதான் தெரிவார். எங்கே அறுத்தார்கள் என்று தொட்டுப் பார்க்கக்கூட ஒரு இடம் இல்லை அவருக்கு.

கல்யாணம் நன்றாக நடந்தது. சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சீர் செய்தார், கெட்டிமேளம் கொட்டியது, நித்யா அழகாக இருந்தாள். மாமா பட்டுவேட்டியில் நின்று எல்லோரையும் வரவேற்றார். நடுநடுவே காணாமல் போய்ப் போய் வந்தார். முகம் வெளுத்திருந்தது. அன்று அவருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். மேடையில் மகள் கையை மாப்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுக்கும்போதும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யாருக்குச் சொல்வார்? மண்டபம் முழுக்க யாருக்காக மறைத்தாரோ அவர்கள்தான் நின்றார்கள்.

பெண்ணை அனுப்பிவைத்த கொஞ்ச நாளில், ரத்தம் கட்டிகட்டியாக வந்து அடைத்து, மூத்திரமே நின்று, வலியில் துடித்தவரைக் காரில் போட்டுக்கொண்டு போனோம். இந்தத் தடவை விளக்கெண்ணெய்க்குக் கேட்கவில்லை.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீங்க?"

அக்காதான் மெல்ல, "மக கல்யாணமுங்க டாக்டர்" என்றாள்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டி சதைக்குள் இறங்கிவிட்டது, இனி லேசரால் சுரண்டி ஆகாது என்றார். மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு மூத்திரப்பையையே எடுக்க வேண்டும். அதையும் பழையபடி நீளமாகக் கிழிக்க வேண்டியதில்லை. ரோபோ கை வைத்துச் சின்னச் சின்ன ஓட்டைகளில் செய்துவிடலாம். ரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். எல்லாம் உண்மைதான். ஓட்டை சின்னது. ஆனால் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்தது மாமாவின் மூத்திரப்பை.

அக்கா கேட்டாள்: "அந்தப் பை வெளிய தெரியுங்களா?"

"சட்டை போட்டா தெரியாது" என்றார் டாக்டர். இந்தத் தடவை அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

நித்யாவிடம் அப்போதுதான் சொன்னார்கள். வந்தாள். ஐ.சி.யூ. வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்... நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருசமா கல்லு கரைஞ்சுதான்னு கேட்டுட்டு இருந்தேனே, கரைஞ்சுதுன்னு சொன்னீங்களே! என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்காகத்தான் கண்ணு..." என்றாள் அக்கா.

"எனக்காகன்னு சொல்லாதீங்கம்மா! சொல்லியிருந்தா அந்தக் கல்யாணமே வேண்டாம்னு அப்பாவை இங்க கூட்டிட்டு வந்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. இன்றைக்கும் அவள் செய்தது தப்பு என்று அவள் ஒத்துக்கொள்வாள் என எனக்குத் தோன்றவில்லை. பெண் நல்ல இடத்தில் வாழ்கிறாள். அவள் கணக்கு அவளுக்கு. எனக்கு அவள் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. மிச்சம் எங்கேனும் இருக்கிறதா என்று போகப்போகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். மாமா இளைத்துப் பாதியாகிவிட்டார். முன்பைவிடப் பேச்சு குறைந்துவிட்டது, சிகரெட்டும் இல்லை. கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதே வாரம் வியாழக்கிழமை சம்பந்தி பார்க்க வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, சின்னச்சாமி. அவருக்கு அதுவரை சொல்லப்பட்டிருந்தது என்ன? 'மறுபடியும் கல்லு, கொஞ்சம் பெரிசு.' தன் மாமனாருக்குச் சொல்ல நித்யாவுக்குத் தைரியம் வரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அக்கா பாய்ந்து ஒரு துண்டை எடுத்துக் கட்டில் ஓரத்தில் போட்டாள். பை தெரியாமல் மூடினாள். சம்பந்தி ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க சம்மந்தி, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? கல்லு அத்தன பெரிசுங்களா?"

அக்கா, "ஆமாங்க, நெம்பப் பெரிசுன்னு..." என்று ஆரம்பித்தாள்.

மாமா கையைத் தூக்கினார். அவள் நின்றாள். அவர் மெல்லத் துண்டை எடுத்து அந்தப் பக்கம் போட்டார். பாதி நிறைந்த பை தெரிந்தது.

"கல்லு இல்லீங்க சம்மந்தி. கேன்சருங்க. சம்பந்தம் பேசறதுக்கு முந்தியே இருந்துச்சுங்க. சொல்லாம உட்டுட்டோம்."

அக்கா சுவரோடு சாய்ந்துவிட்டாள். நித்யா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் சண்டைக்குத் தயாரானேன். 'ஏமாத்திப் போட்டீங்களே' என்று அந்த மனிதர் எழுந்தால், பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எங்கய்யன் இதுலதானுங்க போனாரு."

அய்யன் என்றால் அவருடைய அப்பா.

"அவருக்கும் குழாய் வெச்சுத்தான் எடுத்தாங்க. மாசாமாசம் வரச் சொன்னாங்க. அப்ப எங்க புள்ளைக்கு மாப்பிள்ள பாத்துட்டு இருந்தோமுங்க. நாங்களும்..." என்று நிறுத்தி, நித்யாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்களும் கல்லுன்னுதானுங்க சொல்லி வெச்சிருந்தோம். இன்னைக்கு வரைக்கும் எம்பையனுக்கே அதுதானுங்க தெரியும்."

மாமா கையை நீட்டினார். சம்பந்தி அதைப் பிடித்துக்கொண்டார். பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும், ஒரே நோய்க்கு ஒரே பொய்யைச் சொல்லி, ஒருவருக்கொருவர் தெரியாமல் சம்பந்தம் செய்திருக்கிறோம். எப்பேர்ப்பட்ட பொருத்தம்! எந்த ஜோசியனும் பார்த்துச் சொல்லாத பொருத்தம்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டேன். இதை எழுதட்டுமா என்று மறுநாள் மாமாவிடம் கேட்டேன். "பேரை மாத்திட்டு எழுது மாப்ள" என்றார். மாற்றியிருக்கிறேன்.

ரெண்டு வீடு, ரெண்டு ஊர், வந்து போன ஒறம்பரை அத்தனை பேரும் சேர்ந்து அதைக் கல் என்றே சொன்னோம். நம்பாதது அந்தக் கட்டி மட்டும்தான்.